சீதனக் காணி என் பேரில், ஆனால் ஈடு வைக்க அவருடைய கையெழுத்து வேண்டுமாம்

கோண்டாவில் தையல்காரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசித்துப் பதில் போடுங்கள்.

நான் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். என்னோடு நாலு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற காலம் வந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கும் மெசின் ஓடும். இப்போது பெரிய ஓடர் ஒன்று கிடைத்திருக்கிறது, அதற்கு ஜூக்கி மெசின் நாலும் ஓவர்லொக் ஒன்றும் வேண்டும், கொட்டிலையும் ஒழுங்கான கட்டடமாக்க வேண்டும். மொத்தம் 15 இலட்சம் என்று கணக்குப் போட்டு, அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த ஆறு பரப்புக் காணியை ஈடு வைக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். உறுதி, அதாவது காணிப் பத்திரம், என் பேரில். சோலைவரி நான்தான் கட்டுகிறேன், துண்டு என் பேரில். கரண்ட் பில்லும் என் பேரில். எல்லாவற்றையும் பைலில் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வங்கியின் சட்டத்தரணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்களுடைய அவர் எங்கே?" என்று கேட்டார். கட்டாரில் என்றேன். அப்படியென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று சொல்லி, படிவத்தில் என் பெயருக்குக் கீழே பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி போட்டுத் தந்தார், அவர் அங்கே கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "சும்மா இரு, நான் லீவில் வந்து பார்ப்பம்" என்கிறார். லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. ஓடர் அதுவரை காத்திருக்குமா?

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், என் அண்ணா போன வருடம் உரும்பிராயில் தன்னுடைய முதுசக் காணியை, அதாவது பரம்பரையாக வந்ததை, விற்றார். அண்ணிக்கு விற்றபிறகுதான் தெரியும். அவரிடம் ஒருத்தரும் உன் மனிசி எங்கே என்று கேட்கவில்லை. சென்னையில் வாழ்க்கைப்பட்ட என் மச்சாளோ தன் பேரில் இருந்த மனையைத் தானே போய் விற்றுவிட்டு வந்ததாகச் சொல்கிறாள், கணவன் பதிவுக் கந்தோர்ப் பக்கமே போகவில்லையாம்.

என் கேள்வி: இது உண்மையிலேயே சட்டமா, இல்லை வங்கி தன் வசதிக்குக் கேட்கிறதா? அவர் கையெழுத்து இல்லாமல் வேறு வழி ஏதும் உண்டா? இந்தியாவில் இருக்கிற பெண்ணுக்கு முடிகிறது, எனக்கு ஏன் முடியாது?

---

கந்தோர் ஆள்

தங்கச்சி, வங்கியில் பிழை இல்லை, அது சட்டம்தான். நான் நொத்தாரிசு கந்தோரில் கனகாலம் உறுதி எழுதுகிற வேலை செய்தவன், சட்டத்தரணி இல்லை, ஆகவே கடைசி முடிவை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு எடுங்கள்.

எல்லோரும் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம், என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்களை மறித்துக்கொண்டு நிற்பது 1911இல் வந்த 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றியது. 1947இல் அதில் சில திருத்தம் செய்தார்கள், உங்கள் விஷயத்தில் கை வைக்கவில்லை. அதன் 6ஆம் பிரிவைப் பாதி வாசித்தால் நல்ல சட்டம் போலத்தான் இருக்கும். கலியாணத்தின்போது பெண்ணுக்கு இருந்த சொத்தும் பிறகு அவளுக்கு வந்து சேர்கிற சொத்தும் அவளுடைய தனிச் சொத்து. கணவன் பட்ட கடனுக்கு அதைப் பிடிக்க முடியாது, அந்தக் காணியைப் பராமரிக்கவோ பயிரிடவோ வரி கட்டவோ பட்ட கடன் என்றால் மட்டும் வேறு கதை. வாடகை, குத்தகைக் காசை அவள் வாங்கி அவளே பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம், அவர் தேவையில்லை. மரண சாதனம் எழுதுவதென்றாலும் அவர் சம்மதம் வேண்டாம், விரும்பிய ஆளுக்கு எழுதலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடை கொடுக்கவோ போனால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது இல்லாமல் எழுதின உறுதி நிற்காது. அதனால்தான் எந்த வங்கியும் துணிய மாட்டாது.

அடுத்த பிரிவு ஆணுடைய தனிச் சொத்தைப் பற்றியது. அங்கே மனைவியின் சம்மதம் என்ற பேச்சே இல்லை. உங்கள் அண்ணா விற்றது அந்தக் கணக்கில்.

வழி உண்டா என்றால் உண்டு, 8ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருவரும் பேசிப் பிரிந்திருந்தால், அவர் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தால், மனநிலை சரியில்லாதவர் என்றால், எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், நியாயம் இல்லாமல் சம்மதத்தை மறுத்தால், அல்லது மனைவி பிள்ளைகளின் நன்மைக்கு அது தேவை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி கேட்கலாம். உங்கள் அவர் மறுக்கவும் இல்லை, தரவும் இல்லை. இந்த "வந்து பார்ப்பம்" ஆக்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதுதான் வில்லங்கம், மனுப் போட்டால் வீட்டில் சண்டை, போடாவிட்டால் ஓடர் போய்விடும்.

உடனடி வழி ஒன்று சொல்கிறேன். சட்டம் கேட்பது அசையாச் சொத்துக்கு மட்டும்தான். மெசின் அசையும் சொத்து. மெசினை லீசிங்கில் எடுக்கவோ உங்கள் நகையை அடகு வைக்கவோ அவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, லீசிங்காரர் பிணைக்கு ஆள் கேட்பார்கள், அது அவர்களுடைய நிபந்தனை. கொட்டிலைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், உங்கள் அவர் எந்த ஊர்? சிரிக்காதீர்கள், சட்டத்தில் இது பெரிய கேள்வி. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணைக் கட்டினால் அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவளுக்குத் தேசவழமை இல்லை, 3ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நீங்கள் ஒரு மட்டக்களப்பு மாப்பிள்ளையைக் கட்டியிருந்தால் 1923ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படி இதே ஆறு பரப்பை நீங்கள் தனியே ஈடு வைத்திருப்பீர்கள். மறுவளமாக, மட்டக்களப்பிலோ மலையகத்திலோ பிறந்து தன் காணியைத் தானே விற்கக்கூடிய ஒருத்தி யாழ்ப்பாணத்து ஆணைக் கட்டினால் அன்றிலிருந்து அவளுக்கும் கையெழுத்து வேண்டும். காணி அதேதான், பெண்ணும் அதே பெண்தான், மாப்பிள்ளையின் ஊரைப் பொறுத்து அவளுடைய கையெழுத்துக்குப் பெறுமதி மாறுகிறது.

---

முதுசம் காப்போம்

சொல்கிறேன், ஒருவரும் கோபிக்கக் கூடாது.

இந்தியாவைக் காட்டி எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் கொஞ்சம் சரித்திரமும் பார்க்க வேண்டும். அங்கே 1956இல் சட்டம் வரும்வரை மகன் இருக்கிற வீட்டில் இந்து மகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு இல்லை. இங்கே ஒல்லாந்தர் ஆட்சியின் அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தேசவழமையை எழுதிக் கொடுக்கும்போதே தாய் வழிச் சீதனம் மகளுக்கு என்பது பழக்கத்தில் இருந்த முறை. வீடும் கிணறும் உள்ள காணியைப் பெட்டைக்கு எழுதிவிட்டு ஆண்பிள்ளைகள் வாடகை வீட்டுக்குப் போன குடும்பங்கள் எத்தனை. அந்தப் பெருமையை ஒருவரும் பேசுவதில்லை, ஒரு கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அந்தக் கையெழுத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆண்கள் வெளிநாட்டில், பெண்கள் தனியே, புரோக்கர்மார் படலையடியில் நிற்கிறார்கள். கள்ள உறுதி முடிக்கிற ஊர் இது. இரண்டாவது கையெழுத்து ஒன்று வேண்டும் என்றால் ஏமாற்றுகிறவன் கொஞ்சமாவது யோசிப்பான். தவிர, தேசவழமையில் ஒரு இடத்தை மாற்றக் கொழும்புக்கு வழி விட்டால் மிச்சத்தையும் அவர்கள் விருப்பத்துக்கு மாற்றுவார்கள். பிறகு இருந்து அழ வேண்டியதுதான்.

தங்கச்சி, கணவன் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன, ஒரு போன் எடுத்துக் கதையுங்கள்.

---

காவிரிக்கரை

நான் தஞ்சாவூர்க்காரி, யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இந்த இழையை அனுப்பினாள், படிச்சதும் எழுதாமல் இருக்க முடியலை.

தங்கச்சி, உங்க மச்சாள் சொன்னது நிஜம்தான். இங்கே 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு வந்தபிறகு இந்துப் பெண்ணின் சொத்து முழுசாக அவளுடையது. அதுக்கு முன்னாடி விதவைக்குக் கிடைச்சது கூட உயிர் இருக்கிறவரை அனுபவிக்கிற உரிமைதான், தன் இஷ்டத்துக்கு விற்க வழியில்லை. இன்றைக்கு சார்பதிவாளர் ஆபீசில் புருஷன் சம்மதக் கடிதம் எங்கேன்னு யாரும் கேட்கிறதில்லை. ஆதார், போட்டோ, கைரேகை, முடிஞ்சது.

ஆனால் பெரியவர் சொன்ன பெருமையில் பாதியாவது எங்களுக்கு வேணும்னு நான் ஆசைப்படுவேன், ஏன்னு சொல்றேன்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமைன்னு 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டாங்க. அது தமிழ்நாட்டில் சட்டமாக வந்தது 1989இல், கருணாநிதி ஆட்சியில். அப்போதும் ஒரு கோடு கிழிச்சாங்க: 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவளுக்குப் பூர்வீகச் சொத்தில் அந்த உரிமை கிடையாது. எங்க வீட்டில் அக்காவுக்கு அதுக்கு முன்னாடி கல்யாணம், எனக்கு அப்புறம். ஒரே அப்பா, ஒரே நிலம், எனக்குப் பங்கு உண்டு, அவளுக்கு இல்லை. 2005இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தபிறகுதான் அவளும் உள்ளே வந்தாள். அப்புறம் அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா இல்லையான்னு கோர்ட்டு கோர்ட்டாக வழக்கு. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்கணும்னு அவசியமில்லைன்னு சொல்லி அதை முடிச்சு வெச்சது.

சரி, சட்டம் வந்தாச்சு. நடந்தது என்ன? அப்பா காரியம் முடிஞ்சு கொஞ்ச நாளில் அண்ணன் எங்க ரெண்டு பேரையும் காரில் ஏத்திக்கொண்டு போனார். வழியில் நல்ல ஓட்டலாகப் பார்த்து நிறுத்தி நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார், அக்காவுக்கு ரெண்டாவது காப்பி வேணுமான்னு கேட்டார், அவர் வாழ்நாளில் அதையெல்லாம் கேட்டவர் இல்லை. சார்பதிவாளர் ஆபீசில் விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. எங்க பங்கை அண்ணனுக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறோம்னு எழுதியிருந்தது. "நாற்பது பவுன் போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம்"னு அண்ணி போன வாரமே சொல்லிட்டாங்க. நாங்க போட்டோம். போடாமல் வந்திருந்தால் பொங்கலுக்குப் பிறந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. இங்கே நிறைய வீட்டில் இதுதான் நடக்குது.

வரதட்சணையை 1961இலேயே தடை செஞ்சாச்சு. கொடுத்ததை வேறு யார் வாங்கியிருந்தாலும் மூணு மாசத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்கணும்னும் அதே சட்டத்தில் இருக்கு. யார் ஒப்படைச்சாங்க, கேளுங்க. உங்க ஊரில் சீதனம் பெண் பேரில் பத்திரமாக இருக்கு, எங்க நகை மாமியார் பீரோவில் இருக்கு.

இன்னும் ஒண்ணு, யாரும் பேசாதது. புருஷனும் பிள்ளையும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் செத்தால் அவள் உழைச்சுச் சம்பாதிச்சது முதலில் புருஷனோட வாரிசுக்குத்தான் போகும், பெத்தவங்களுக்கு அப்புறம்தான். 15ஆவது பிரிவு. கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் விதவையாகி, மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பெத்தவங்க படிக்க வெச்சு வேலைக்குப் போன ஒரு பெண்ணோட சொத்தே அப்படிப் புருஷன் வீட்டுக்குப் போச்சு. 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சட்டம் சொல்றது அதுதான், இரக்கம் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாதுன்னு விட்டுட்டாங்க. அதனால் சம்பாதிக்கிற எந்தப் பெண்ணாக இருந்தாலும் உயில் எழுதி வெச்சிடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

எங்களுக்குக் கையெழுத்துப் போடச் சட்டம் விடுது, வீடு விடலை. உங்களுக்கு வீடே காணியை எழுதிக் கொடுத்துடுது, சட்டம் கையைப் பிடிக்குது. ரெண்டில் எதைத் திருத்துறது சுலபம்னு கேட்டால் உங்களுடையதுன்னுதான் சொல்வேன், ஒரு பிரிவில் நாலு வார்த்தை எடுக்கணும், அவ்வளவுதானே.

---

கிளிநொச்சி ஆச்சி

முதுசம் தம்பி, போன் எடுத்துக் கதையுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

2009 மே மாதத்துக்குப் பிறகு என்னுடைய அவரைக் காணவில்லை. எந்த நம்பருக்கு எடுக்கிறது?

சாவகச்சேரியில் அம்மா வழி வந்த காணி என் பேரில் இருந்தது. மகள் பல்கலைக்கழகம் போகும்போது அதில் ஒரு துண்டை விற்க வேண்டி வந்தது. வாங்குகிற ஆளும் நல்லவர், விலையும் நல்ல விலை, உறுதி எழுதப் போனால் கணவன் சம்மதம். ஒரு அலுவலர் வழி சொன்னார்: 2010இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது, காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம், எடுத்தால் நீங்கள் விதவை, பிறகு சம்மதம் தேவையில்லை, சுகமான வேலை. சுகமாம். அவர் இல்லை என்று நானே கையெழுத்து வைத்து எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு தேடிக்கொண்டு போவேன்? 2016இல்தான் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று வேறொன்று கொண்டுவந்தார்கள், இறந்துவிட்டார் என்று சொல்லாமல் அலுவல் பார்க்க. எனக்கு அதுவரை பொறுக்க நேரமில்லை.

கடைசியில் ஒரு சட்டத்தரணிப் பிள்ளை அந்த 8ஆம் பிரிவில்தான் மனுப் போட்டுத் தந்தாள். இருப்பிடம் தெரியாதவர் என்ற காரணம். கிராம சேவகர் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைக்குக் கொடுத்த துண்டு எல்லாம் இணைத்தோம். தவணை மேல் தவணை. கிளிநொச்சியில் விடியப்புறம் பஸ் ஏறி வந்து, பேர் கூப்பிடும்வரை வாங்கிலில் இருந்து, பிறகு இன்னொரு திகதி என்று சொல்லத் திரும்பிப் போக வேண்டும். அனுமதி கிடைத்தது, ஆனால் வாங்க வந்தவர் அதற்குள் வேறு காணி பார்த்துவிட்டார். பிறகு குறைந்த விலைக்குத்தான் கொடுத்தேன்.

கள்ளரிடமிருந்து காப்பாற்றுகிற சட்டம் என்கிறீர்கள். நான் அந்தச் சட்டத்தால் பட்ட நட்டம் எந்தப் புரோக்கரும் எனக்கு வைக்கவில்லை.

இன்னும் ஒன்று. என் சொந்தக் காணியை ஈடு வைத்து வங்கியில் ஒழுங்கான வட்டிக்குக் கடன் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நுண்கடன்காரன் மோட்டார் சைக்கிளில் படலைக்கே வந்து, நாலு பெண்களைச் சேர்த்து ஒருவருக்கு ஒருவர் பிணை வைத்து, வாரம் வாரம் கட்டு என்று காசு தந்துவிட்டுப் போனான். அவன் ஒருநாளும் புருசன் கையெழுத்துக் கேட்கவில்லை. கடனில் விழுவதற்குப் பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும்.

அரச காணிக் கதையும் கொஞ்சம். எங்கள் பக்கத்தில் கனபேர் இருப்பது உறுதிக் காணியில் இல்லை, பேர்மிட் காணியில். அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். தனக்குப் பிறகு காணி இவருக்கு என்று பின்னுரித்தாளராக ஒருவரையும் எழுதாமல் பேர்மிட்காரர் செத்தால் பிள்ளைகளில் மகனுக்குத்தான் முதல் இடம், மகள் பிறகு. 2022இல்தான் அந்த ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்தார்கள். எடுத்ததால் எங்கள் பண்பாடு ஒன்றும் அழிந்து போகவில்லை.

---

லாச்சப்பல் அண்ணை

நான் வெளிநாட்டில் இருக்கிற கணவன் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். போன வருடம் மனைவி தன் காணியில் இரண்டு பரப்பை விற்க நான் பாரிஸில் எங்கள் தூதரகத்தில் கையெழுத்திட்டு அற்றோணித் தத்துவம், அதாவது எனக்காகக் கையொப்பம் வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம், அனுப்பினேன், என் தம்பி எனக்காக உறுதியில் சம்மதித்துக் கையொப்பம் வைத்தான். ஒரு பகல் லீவு எடுக்க வேண்டியிருந்தது, வேறு கஷ்டமில்லை. தங்கச்சியின் அவர் கட்டாரில்தானே, தோஹாவில் தூதரகம் இருக்கிறது. என்ன எழுத வேண்டும் என்று இங்கிருந்து சட்டத்தரணி வரைந்து அனுப்பினால் போதும். லீவு வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. அனுப்பும்போது எல்லா அதிகாரமும் கொடுக்கிற பொதுத் தத்துவம் வேண்டாம், இந்தக் காணியை இன்ன வங்கிக்கு இவ்வளவு தொகைக்கு ஈடு வைக்கச் சம்மதம் என்று மட்டும் எழுதுங்கள், அவருக்கும் பயம் குறையும்.

பயம் என்று ஏன் சொன்னேன் என்றால், இங்கே ஆண்கள் இருந்து கதைக்கும்போது கேட்டிருக்கிறேன். மனைவி ஏமாந்துவிடுவாள் என்ற பயம் கொஞ்சம்தான். அவள் தன்பாட்டில் உழைத்து எழும்பிவிட்டால் நான் அனுப்புகிற காசுக்கு என்ன மரியாதை என்ற பயம்தான் கூட. ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

---

கந்தோர் ஆள்

ஆச்சி எழுதியதற்குப் பிறகு எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுசம் அண்ணைக்கு மட்டும் சில.

1707இல் ஐசாக்ஸ் எழுதியதைத் தமிழில் மொழிபெயர்த்து, சரிதானா என்று பார்க்கப் பன்னிரண்டு முதலிமாரிடம், அதாவது ஊர்த் தலைவர்களிடம், கொடுத்தார்கள். அவர்கள் சரி என்று ஒப்பம் வைத்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள், காணி பூமி உள்ள பெரிய இடத்து ஆண்கள். சீதனம் வாங்கிய ஒரு பெண்ணிடமும் உனக்கு இது சரியா என்று கேட்டதாக இல்லை.

அதே தொகுப்பில் அடிமைகளை எப்படி விற்பது, பங்கிடுவது என்று நிறைய எழுதியிருக்கிறது. அடிமைமுறை 1844இல் இலங்கையில் சட்டப்படி ஒழிந்தது, அந்தப் பகுதி அதோடு செத்துப் போனது. தேசவழமை போய்விட்டதே என்று அன்றைக்கு யார் அழுதார்களோ, இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். 1911இல் மாற்றினார்கள், 1947இல் மாற்றினார்கள். மாறவே மாறாத ஒன்றைப் போல ஏன் கதைக்கிறோம்?

கொழும்பு மாற்றிவிடும் என்ற பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, ஏற்கனவே உள்ள சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று சொல்கிறது. 12ஆம் உறுப்புரையில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று இருப்பதைக் காட்டி இந்தத் தங்கச்சி வழக்குப் போட்டாலும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை அதனால் அசைக்க முடியாது. பாராளுமன்றம்தான் திருத்த வேண்டும். அப்படியென்றால் எங்கள் ஆக்கள்தான் முன்னுக்குப் போய் இன்ன பிரிவில் இன்ன சொல்லை எடுங்கள் என்று கேட்க வேண்டும், மற்றவர்கள் வந்து மொத்தமாக அள்ளும்வரை பார்த்திருக்கக் கூடாது.

---

முதுசம் காப்போம்

ஆச்சியின் விஷயத்தில் நான் வாதாடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் போகாமலே பிரதேச செயலகத்தில் முடிக்கிற மாதிரி விலக்குக் கொடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் எடுத்துவிட வேண்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேண்டுமென்றால் ஆணும் தன் முதுசத்தை விற்க மனைவியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று போடுங்கள், சமமாகப் போகும். குடும்பக் காணி நிற்கும்.

---

கோண்டாவில் தையல்காரி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் கடைசியில் சொன்னதை என் அண்ணாவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டுப் பதில் போடவில்லை, இரண்டு நீலச் சரி மட்டும் விழுந்திருக்கிறது.

கந்தோர் அண்ணை, அவர் இணுவில், ஆகவே மட்டக்களப்பு வழி எனக்கு இல்லை. அவரோடு நேற்று இரவு கதைத்தேன். லாச்சப்பல் அண்ணை எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், அந்தக் கடைசிப் பந்தியைத் தவிர. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, தூதரகம் எப்போது திறந்திருக்கும் என்று கேட்டுப் பார்க்கிறாராம். அதுவரை இரண்டு மெசினை மட்டும் லீசிங்கில் எடுக்க விசாரித்திருக்கிறேன்.

காவிரிக்கரை அக்கா, உங்கள் நெய் ரோஸ்ட் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்து ஒரு இடத்தைக் காட்டினா. தனக்குச் சீவிய உருத்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற உரிமை, வைத்துத்தான் எழுதியிருக்கிறாவாம். நான் இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தை ஒழுங்காக வாசித்ததில்லை. வங்கிக்காரர் இதைப் பற்றி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இதனால் ஏதும் சிக்கல் வருமா?

---

கந்தோர் ஆள்

கேட்பார்கள், உறுதியை முழுதாகப் பார்க்கும்போது கட்டாயம் கேட்பார்கள். அம்மாவும் ஈட்டு உறுதியில் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது சீவிய உருத்தை விட்டுக்கொடுத்துத் தனியாக ஒரு உறுதி எழுத வேண்டும். முதலாவதே போதும், இரண்டாவதுக்கு அவசரப்பட வேண்டாம், அவவுடைய உருத்து அவவோடு இருக்கட்டும்.

போவதற்கு முன்னம் அம்மாவின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் உறுதியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பழைய உறுதிகளில் கணவன் பேரோடு ஒரு மாதிரி, அட்டையில் தகப்பன் பேரோடு வேறு மாதிரி இருக்கும். வித்தியாசம் இருந்தால் இப்போதே ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள், விவாகச் சான்றிதழ் மூலப்பிரதியையும் கொண்டு போங்கள். இதற்காகத் திரும்பி வருகிற ஆக்கள்தான் அதிகம்.